யாரோடு கைகோர்ப்பது? டெல்டாவின் சின்னச் சங்கங்கள் முன் இருக்கும் நான்கு வழிகள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில், மூடிக்கிடக்கும் ஒரு ரைஸ்மில் கொட்டகையில்தான் எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் மாதக் கூட்டம் நடக்கும். படி கிடையாது, தரை ஒரே மட்டம், மூன்று சக்கர வண்டி நேராக உள்ளே வந்துவிடும். அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்தோம். சில மாதங்களாக அங்கே பேச்சு ஒன்றுதான்: யாரோடு சேர்வது?

வெளியூர்ப் பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று, எங்கள் களப் பங்காளியாக வாருங்கள் என்று கேட்டிருக்கிறது. அரசுத் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்யலாமே என்று அதிகாரிகள் தரப்பில் சொல்கிறார்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சின்னச் சங்கங்கள், தனித்தனியாக நின்று என்ன கண்டோம், கூட்டமைப்பாக நிற்போம் என்கின்றன. நான்காவது வழியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "நம்ம ஊர்ல இருக்கிற மகளிர் குழு, ஊராட்சி, பள்ளிக்கூடம், இவங்களோட நாம எப்பவாவது ஒக்காந்து பேசியிருக்கோமா?" என்று கேட்டார். அதிலிருந்து வந்தது அது.

எங்கள் சங்கத்தில் நாற்பது சொச்சம் குடும்பங்கள். சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லை. நான்கு வழியிலும் ஒரே சமயத்தில் போக எங்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. டெல்டாவில் எங்களைப் போன்ற சங்கங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், எதற்காகச் சேர்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, மற்ற எல்லோரையும் போல ஊருக்குள் ஒருவராக வாழும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் பக்கத்தில் அந்த உரிமை வாசல்படியிலேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், அதன்மேல் இரண்டு பனைமரத் துண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவே சேறு. "வீட்ல நல்லாத்தான் வச்சிருக்கோம்" என்று பெற்றவர்கள் சொல்வது பொய்யில்லை. சோறும் துணியும் பாசமும் குறைவில்லாமல் கிடைக்கும். ஆனால் தேர் இழுக்கும் நாளில் அந்தப் பிள்ளை வீட்டுக்குக் காவலாக இருக்கும். இந்தக் கூட்டு மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளையை வாசலுக்கு வெளியே எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? நான்கு வழியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்.

பெரிய நிறுவனத்திலிருந்து தொடங்குகிறேன். அவர்கள் கொண்டுவருவது தொழில் அறிவு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படிப் படுக்க வைப்பது, சோறு ஊட்டும்போது தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதெல்லாம் ஆர்வம் இருந்தால் மட்டும் வந்துவிடாது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமம் கிராமமாக, வீட்டு வாசல்வரை சிகிச்சையைக் கொண்டுபோயிருக்கிறது. அப்படிப்பட்ட அனுபவம் எங்களிடம் இல்லை. அதை நாங்களே உண்டாக்க இன்னும் இருபது வருடம் பிடிக்கும்.

ஆனால் திட்டம் என்றால் அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் திட்டத்தில், எங்கள் சங்கத்துப் பையன் ஒருவனுக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலி வந்தது. இடுப்புக்கு ஒரு பட்டை, மார்புக்கு ஒரு பட்டை, முன்னால் ஒரு தட்டு, பாதம் வைக்க ஒரு பலகை. அதுவரை பாயில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெருவைப் பார்த்தான். காலையில் எத்தனை டவுன் பஸ் போகிறது என்று விரல் மடக்கி எண்ணுவான். திட்டம் முடிந்தது, பிசியோதெரபிஸ்டும் போய்விட்டார். பையன் வளர்ந்தான். முட்டி தட்டில் இடித்தது, பாதம் பலகையை மீறித் தொங்கியது. போல்ட்டைக் கழற்றிப் பலகையை ஒரு துளை கீழே இறக்கலாம் என்றால், துளைகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. புதிதாக எங்கே துளைப்பது என்று சொல்ல ஆள் இல்லை. போன் போட்டால் அந்த நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். எட்டு மாதம் அந்த நாற்காலி மாட்டுக் கொட்டகையில் வைக்கோல்மேல் கிடந்தது. பையன் பழையபடி பாயில் கிடந்தான்.

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர்தான் கடைசியில் வழி சொன்னார். முதுகு எந்தச் சாய்வில் இருக்க வேண்டும், முட்டி எவ்வளவு மடங்க வேண்டும் என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். எங்கள் ஊர் ஆசாரி அந்தக் கோட்டைப் பார்த்து, வேம்புப் பலகையில் புது இருக்கையும் கால் பலகையும் அறுத்து மாட்டினார். ஒரு பகல் வேலை. கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஆசாரியை அந்த நிறுவனம் முதல் வருடத்திலேயே தேடிப்பிடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தால், எட்டு மாதம் வீணாகியிருக்காது. இந்த ஒன்றை நான் மறக்கவே மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல சங்கங்கள் பழைய நினைப்பிலேயே இருக்கின்றன. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் வெளிநாட்டு நிதி வாங்கி, அதில் ஒரு பங்கைச் சின்னச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தக் கதவு மூடிவிட்டது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிடக் கூடாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு அது 50 சதவீதம். நாமே நேரடியாகப் பதிவு வாங்கலாம் என்றால், மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். மாதச் சந்தாவில் ஓடும் சங்கத்துக்கு அது கனவிலும் எட்டாது. அதனால் இன்றைக்குக் 'களப் பங்காளி' என்று சொன்னால், நடைமுறையில் நம் ஆட்களில் இரண்டு பேர் அவர்களுடைய சம்பளப் பட்டியலுக்குப் போவார்கள். சங்கத்தின் சுறுசுறுப்பான இரண்டு பேர் யாருக்கு ரிப்போர்ட் எழுதுவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே யோசிக்க வேண்டும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேறு கணக்கு. 2021 ஏப்ரலிலிருந்து, சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவம் மூலம் மத்திய அரசிடம் பதிவு செய்யாத அமைப்பு வழியாக அவர்களால் திட்டம் நடத்த முடியாது. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் கையில் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் அலைவதில் பிரயோஜனமில்லை.

அடுத்து அரசு. எங்களில் பாதிப் பேருக்கு அரசின் மேல் கோபம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் எந்தத் தொண்டு நிறுவனமும் ஊரைவிட்டுப் போகலாம், அரசு போகாது. அடையாள அட்டையும், மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும், பள்ளி வழியாக வரும் சிறப்பாசிரியரும் அங்கிருந்துதான் வர வேண்டும். உலக வங்கி 2022-இல் ஒப்புதல் தந்த 16.2 கோடி டாலர் கடனோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம், எல்லாச் சிகிச்சையையும் ஒரே கூரையின்கீழ் தரும் 'விழுதுகள்' மையங்களை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறது. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதால், சீர்காழிப் பக்கத்து ஆட்கள் மாவட்ட அலுவலக வேலைக்கு நாகப்பட்டினம்வரை போக வேண்டியதில்லை. இவையெல்லாம் ஊர்க்காரர்களுக்கு நேரடியாகத் தெரியும் மாற்றங்கள்.

எனக்குத் தயக்கம் ஒரு இடத்தில்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு வரிசையில் நிற்பவர்கள் நாங்கள். அதே அலுவலகத்தின் மையத்தை நடத்தவோ கணக்கெடுப்பை முடித்துக் கொடுக்கவோ ஒப்பந்தம் போட்டுவிட்டால், அடுத்த திங்கள் அந்த வரிசையில் நிற்கக் கால் கூசும். உதவித்தொகை நின்றுபோன பாட்டிக்காகக் குரலை உயர்த்த வாய் வராது. யாரும் மிரட்ட வேண்டியதில்லை, நாமாகவே அடங்கிவிடுவோம். இன்னொன்று, அதிகாரி மாறினால் உறவும் மாறும். நல்ல அலுவலர் இருந்த இரண்டு வருடம் எல்லாம் வேகமாக நடக்கும், அவர் மாற்றலாகிப் போனதும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே அரசோடு ஒப்பந்தத்தைவிட இருக்கைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இருக்கைகள் சட்டத்திலேயே இருக்கின்றன. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க, கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு உண்டு. அதில் பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உட்கார வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மாவட்ட அளவில் ஒரு குழுவைச் சொல்கிறது. 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தங்கள், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக உட்கார வைக்கின்றன. அந்த நாற்காலிக்கு நம் ஊரில் யார் தயாராக இருக்கிறார்? இதற்கு ஆள் தேடிப் பழக்குவது ஒரு மையத்தை நடத்துவதைவிடப் பெரிய வேலை.

கூட்டமைப்புக்கு வருகிறேன். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாடுகள் 7 வகை. 2016 சட்டத்தில் 21. தலசீமியா என்ற ரத்த நோய் உள்ளவர்களும் அமிலவீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்க்கின்சன் நோயாளிகளும் இப்போது அதற்குள் வருகிறார்கள். போலியோ வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து தொடங்கிய எங்கள் சங்கத்துக்குக் காது கேளாதவர்களின் தேவை என்னவென்று உண்மையிலேயே தெரியாது. போன வருடம் ஒரு கூட்டுக் கூட்டத்தில் காது கேளாத இரண்டு இளைஞர்கள் வந்து, மூன்று மணி நேரம் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டீ குடித்துப் போனார்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை. சாய்தளத்துக்காக இவ்வளவு வருடம் சண்டை போட்ட நாங்கள் அவர்களுக்கு ஒரு படியைக் கட்டி வைத்துவிட்டோம். கூட்டமைப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அன்றைக்குத்தான்.

டெல்டாவுக்கு இதில் அனுபவமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த தொண்டு நிறுவனங்களை, ஒரே தெருவுக்கே எல்லோரும் போய் நிற்காமல் ஒழுங்குபடுத்த, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் நடந்தது. யார் எந்தக் கிராமத்தில், எந்த வேலையில் இருக்கிறார்கள் என்ற தகவல் ஒரே இடத்தில் கிடைத்தது. அதே பாடத்தை நாங்கள் புயலுக்குப் பயன்படுத்தலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, படுத்த படுக்கையாக இருந்தவர்களை முகாமுக்குத் தூக்கிப்போனது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். எந்த வீட்டில் தூக்க வேண்டியவர் இருக்கிறார், யாருக்கு ஒலிபெருக்கி கேட்காது, யாருக்குக் கூட்டம் என்றால் பயம் என்பதெல்லாம் தெருக்காரர்களுக்குத் தெரியும். காகிதத்தில் கிடையாது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. நான்கு மாவட்டச் சங்கங்கள் சேர்ந்து ஊர்வாரியாக அந்த விவரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு கூட்டமைப்புக்கு அதைவிட நல்ல முதல் வேலை இருக்க முடியாது.

கஷ்டம் எங்கே என்றால், கூடுவதில். வேதாரண்யத்திலிருந்து மன்னார்குடிக்குப் பஸ் மாறித்தான் வர வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை, உண்மை. ஆனால் ஏறும் படியின் உயரம் அப்படியேதான் இருக்கிறது. ஒருவர் வர, துணைக்கு ஒருவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். அப்புறம் யார் தலைவர் என்ற பேச்சு. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துவிடலாம்தான். பதிவு செய்த மறுநாளே தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிக்கு மனத்தாங்கல் வந்துவிடும். இரண்டு வருடம் பதிவில்லாமல், தலைவர் இல்லாமல், கூட்டம் நடக்கும் ஊர்ச் சங்கமே அன்றைய கூட்டத்தை நடத்தட்டும் என்று விட்டுப் பார்ப்பது நல்லது.

இப்போது யாரும் கேட்காத அந்த நான்காவது வழி. எனக்கு மனசு அங்கேதான் நிற்கிறது.

எங்கள் ஊரில் கிராம சபை ரொம்பக் காலமாக ஒரு மண்டபத்தில் நடந்துவந்தது. ஐந்து படி. என் தம்பிக்கு முப்பத்து நான்கு வயது, மூளை முடக்குவாதம். அதுவரை கிராம சபையை அவன் பார்த்ததேயில்லை. இடத்தை மாற்றச் சொல்லி நாங்கள் இரண்டு முறை மனுக் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பில் போய்ப் பேசினோம். அங்கே ஒரு அக்கா உடனே சொன்னார்: "படி இல்லாத எடமா வைங்கன்னு நாங்களும் சேர்ந்து கேக்குறோம். என் மாமியா முட்டிவலின்னு நாலு வருசமா வர்றதில்ல." அடுத்த அக்டோபர் 2 கிராம சபை பள்ளிக்கூடத் திடலில், வேப்பமரத்தடியில் நடந்தது.

தம்பியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். உதவித்தொகை பற்றிக் கேட்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் கேட்டது எங்கள் தெரு முனை மதகைப் பற்றி. மதகு அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பல வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான். அவன் பேச்சு பழகியவர்களுக்கு மட்டும்தான் புரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். ஊராட்சிச் செயலர் என்னைக் கையமர்த்திவிட்டு, தம்பி பக்கத்தில் வந்து குனிந்து, மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, எழுதிக்கொண்டார். அவன் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. வீடு திரும்பும்போது இரண்டு பேர் வண்டியை நிறுத்தி, "மதகு விசயம் நல்லா கேட்டப்பா" என்றார்கள். அதற்கு முன் அவர்கள் எங்களிடம் கேட்டதெல்லாம் "தம்பிக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்பது மட்டும்தான்.

மாற்றுத்திறனாளி அமைப்பும் மாற்றுத்திறனாளி அமைப்பும் மட்டுமே கைகோர்த்தால், நாம் நமக்குள் பலமாவோம், ஊர் அப்படியே இருக்கும். தம்பியின் கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேப்பமரத்தடியில் மற்றவர்கள் இருந்தார்கள். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிக்கு நான்கு மணி நேரம் வேலை, முழுக் கூலி என்று 2012-இலேயே அரசாணை வந்தது. அதை ஏரிக்கரையில் நின்று கேட்டு வாங்கித் தரக்கூடியவர் அங்கே கூட வேலை செய்யும் அக்காதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஐந்து பேரோடு சுய உதவிக் குழு தொடங்கலாம் என்ற விதி இருக்கிறது, நல்ல விதி. ஆனாலும் முடிந்த இடத்தில் தெருவின் பொதுக் குழுவிலேயே ஒருவரைச் சேர்க்கச் சொல்வேன். வாரம் ஒரு முறை பத்துப் பெண்கள் உட்காரும் திண்ணையில் அவருக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

இந்த வழியில் பணம் கிடையாது. பிசியோதெரபி கிடையாது. மூன்றாவதாக ஒன்று, அதை மறைக்கக் கூடாது. டெல்டாவில் ஊர் என்றால் ஊர் மட்டுமில்லை, காலனியும் இருக்கிறது. காலனியில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இரண்டு வாசல் தாண்ட வேண்டியிருக்கிறது. ஊர்க் கமிட்டியோடு மட்டும் கைகோர்த்தால் அந்தப் பிள்ளையை இன்னொரு முறை வெளியே நிறுத்திவிடுவோம். அதனால் இரண்டு தெருக்காரர்களும் ஒன்றாக உட்காரும் இடமாகப் பார்த்துச் சேர வேண்டும்: பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பு, கிராம சபை. எங்கள் ஊரில் கூட்டங்களைப் பள்ளிக்கூடத்திலேயே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எங்கள் சங்கம் என்ன முடிவெடுத்தது? போன கூட்டத்தில் மினிட் நோட்டில் எழுதியதைச் சொல்கிறேன். ஊராட்சியோடும் மகளிர் கூட்டமைப்போடும் உள்ள உறவே எங்கள் முதல் வேலை, எங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் அதற்கு. பக்கத்துச் சங்கங்களோடு பதிவில்லாத கூட்டமைப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கூட்டம் இல்லை, முதல் வேலை புயல் கால விவரப் பட்டியல். அரசோடு ஒப்பந்தம் வேண்டாம், குழுக்களில் இருக்கை கேட்போம். எங்களில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. கையில் வரும் நிதியை விடுகிறோமே என்று அவர்கள் வருத்தப்படுவது நியாயம்தான். ஆளும் கட்டடமும் இருக்கிற சங்கமாக இருந்தால் நானும் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

அந்தப் பெரிய நிறுவனத்துக்கு மட்டும் கடிதம் எழுதியிருக்கிறோம். சம்பளத்துக்கு எங்கள் ஆட்களை எடுக்க வேண்டாம், உங்கள் பிசியோதெரபிஸ்ட்டை மாதம் இரண்டு நாள் அனுப்புங்கள், எங்கள் ஊர்ப் பெண்கள் இருவருக்கும் எங்கள் ஆசாரிக்கும் சொல்லிக்கொடுங்கள், நாற்காலியின் அளவு வரைபடத்தைத் தமிழில் எழுதி எங்களிடமே விட்டுப் போங்கள் என்று கேட்டிருக்கிறோம். பதில் வந்திருக்கிறது, முதல் பயிற்சிக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆசாரி சம்பா அறுப்பு முடியட்டும் என்கிறார். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரைஸ்மில் கொட்டகையில்.